வாய்வரை நிரம்பிய சிலிண்டர்

எசென்கூல் வாத்தியார் முப்பத்தொரு வருஷமாக ஒரே பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர். கோக்-ஜார் கிராமத்தில் அவரிடம் அடி வாங்காதவன் உண்டு, திட்டு வாங்காதவன் கிடையாது. தபால்காரன், டிராக்டர் ஓட்டுகிறவன், பள்ளிவாசல் இமாம் எல்லோரும் அவர் கையில் மார்க் வாங்கியவர்கள்தான். மனுஷன் கெட்டவர் இல்லை, வாய்தான் கெட்டது. ஊரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாத்தியார் என்றால் நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வார் என்று விட்டுவிட்டது.

அந்தத் தை மாதக் குளிரில் அவர் மகள் நூரிசாவுக்குத் தலைப்பிரசவம். ஆண் குழந்தை. தொட்டிலில் இடுகிற விருந்துக்குத் தொட்டிலும் சீரும் தாய் வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். ஐந்து மெத்தை, ஓர் ஆடு, இரண்டு மூட்டை மாவு எல்லாம் சேர்த்தாயிற்று. "நம்ம வீட்ல கேஸ் தீர்ந்துபோச்சு, சுள்ளி எரிச்சுத்தான் கறி வேகணும்" என்று சம்பந்தியம்மா பூஷாரிபா போனில் சும்மா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். வாத்தியார் தன் வீட்டுப் பெரிய சிவப்பு சிலிண்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு கேஸ் நிரப்புகிற நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்.

நிலையம் என்றால் என்ன, நெடுஞ்சாலை ஓரம் ஒரு தொட்டி, ஒரு குழாய், ஒரு தராசு, ஒரு தகரக் கொட்டகை. அங்கே வேலை பார்த்தவள் ஜிபார். முப்பது வயது இருக்கும். புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான், ஆளையே காணோம். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை அந்த வேலையை வைத்துத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அவளும் வாத்தியாரிடம் படித்தவள்தான். இயற்பியலில் எப்போதும் அஞ்சுக்கு ரெண்டு.

மைனஸ் இருபத்தாறு டிகிரி. காற்று முகத்தை அறுத்தது. பின்னால் வரிசையில் நின்ற கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஜிபார் சிலிண்டரைத் தராசில் ஏற்றிக் குழாயை மாட்டினாள். முள் இருபத்தொரு கிலோவுக்கு வந்ததும் சட்டென்று அடைத்துவிட்டாள்.

வாத்தியார் சிலிண்டரின் தோளில் விரலால் தட்டிப் பார்த்தார். மேல் பாகம் டொங்கென்று காலியாகக் கேட்டது.

"என்னடி இது, மேலே வெறும் காத்தா இருக்கு?"

"அவ்வளவுதான் பிடிக்கணும் வாத்தியாரய்யா. மேலே எடம் விடணும்."

"எடம் விட இதென்ன பஸ்ஸா? இது சம்பந்தி வீட்டுக்குப் போகுது. பேரனுக்குச் சீர். அரைகுறையாக் கொண்டுபோய் எறக்கினா அந்தத் தெருவே சிரிக்கும். பிடி, வாய்வரைக்கும் பிடி."

"வேணாம்யா. இங்க குளிர்ல சுருங்கிக் கெடக்கு. வீட்டுச் சூட்டுக்குப் போனா பெருகும். ஓனர் சொல்லிக் கொடுத்திருக்கார்."

அவருக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. அவள் சொன்னது சரியா தப்பா என்று ஒரு கணம்கூட அவர் யோசிக்கவில்லை. யார் சொன்னது என்பதுதான் அவர் காதில் விழுந்தது.

"ரெண்டு மார்க் வாங்கின கழுதை எனக்குப் பாடம் எடுக்கிறியா? உன் மண்டையில எடம் விட்டிருக்கிறது போதாதா? திறடி குழாயை!"

ஜிபார் இன்னொரு தடவை "வேணாம்யா" என்றாள். அவர் முறைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு குழாயைத் திறந்தாள். முள் இருபத்தொன்பதைத் தொட்டது. வாத்தியார் மறுபடியும் தட்டிப் பார்த்தார். அடி முதல் நுனி வரை கல் மாதிரி கெட்டியாகக் கேட்டது. திருப்தியாக வண்டியை எடுத்தார்.

சம்பந்தி வீட்டில் தடபுடலான வரவேற்பு. சிலிண்டரை இறக்கும்போது மாப்பிள்ளை மூச்சுப் பிடித்துக்கொண்டு, "மாமா, இதுக்குள்ள ஆட்டையும் போட்டுக் கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டதில் வாத்தியாருக்கு ஒரே பெருமை. சமையலறையில் சுவரோரம் நிறுத்தினார்கள். நல்ல சூடாக இருந்த அறை அது. அடுத்த அறையில் நிலக்கரி அடுப்பு தணலாய் எரிந்துகொண்டிருந்தது. குழந்தையைத் தொட்டிலில் கிடத்திப் பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். வாத்தியாரை மேல் வரிசையில் உட்கார வைத்து, பெரிய விருந்தாளிக்கு மரியாதையாக வைக்கிற ஆட்டுத் தலையை அவர் முன்னால் வைத்தார்கள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். சமையலறையிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. சமோவாரில் தேநீர்த் தண்ணீர் கொதிக்கிறது என்று யாரோ சொன்னார்கள். வாத்தியாருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. ஒரே நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு செப்டம்பர் மாதமும் கரும்பலகையில் அவர் போடுகிற புள்ளிகள் கண் முன்னால் வந்து நின்றன. குளிரில் மெதுவாக அசைகிற புள்ளிகள், சூடு ஏற ஏற முட்டி மோதி இடம் கேட்கிற புள்ளிகள். அவர் கையில் இருந்த இறைச்சி கீழே விழுந்தது.

"கதவைத் தொறங்க! குழந்தையைத் தூக்குங்க! வெளிய ஓடுங்க எல்லாரும்!"

அதற்குள் பூஷாரிபா சமையலறைக்குள் ஓடிவிட்டார். சிலிண்டர் தலையில் இருந்த வால்வின் அடைப்பு பிய்ந்து, வெள்ளையாகப் பீறிட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் என்ன கண்டார், பாவம். குழாய்த் தண்ணீரை அடைக்கிற மாதிரி வலது கையால் பொத்தினார். வெளியே வந்த திரவம் அந்தக் கணமே ஆவியானது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை அவர் விரல்களிலிருந்தே உறிஞ்சிக்கொண்டது. மாப்பிள்ளை அவரை இழுத்து வெளியே போடும்போது விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்து விறைத்துப்போயிருந்தன. தரையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் புகை. நடுவில் இருந்த கதவை யாரோ புண்ணியவான் சாத்தியிருந்தான். புகை அந்தக் கதவைத் தாண்டித் தணலைத் தொட்டிருந்தால் விருந்துக்கு வந்த இருபத்துமூன்று பேரில் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார்.

பனியில் வெறுங்காலோடு நின்றுகொண்டு பூஷாரிபாவின் கணவர் கத்தினார். "எந்தப் படுபாவி இதைப் பிடிச்சுக் கொடுத்தான்?"

"ஜிபார்" என்றார் வாத்தியார்.

அந்த ஒரு சொல்தான். அதில் பொய் இல்லை. பிறகு எத்தனையோ ராத்திரி புரண்டு புரண்டு படுத்தபோது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் அதுதான், நான் பொய் சொல்லவில்லையே என்று.

மருத்துவமனையில் பூஷாரிபாவுக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வாத்தியார் பார்க்கப் போனார். கட்டுப்போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் இவருக்கே ஆறுதல் சொன்னார். "நீங்க என்ன பண்ணுவீங்க சம்பந்தி? வீட்டுக்குச் சீரா கொண்டாந்தீங்க. அந்தக் கழுதை தூங்கிக்கிட்டே பிடிச்சிருக்கா. என் பேரன் பிழைச்சதே உங்களாலதான். நீங்க சத்தம் போடலைன்னா?" வாத்தியார் மிட்டாய்ப் பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். தாழ்வாரத்தில் ஒரு நர்ஸ் வணக்கம் சொன்னாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் மனைவி சைரா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவ ரொம்பக் கணக்காப் பிடிப்பாளே. நீங்க ஏதாச்சும் சொன்னீங்களா?"

"கொறையாம இருக்கட்டும்னு சொன்னேன். அது தப்பா?"

சைரா அவரைப் பார்த்தாள். அப்புறம் மாவு பிசையப் போய்விட்டாள்.

மறுநாளே ஊர் முழுக்க ஜிபார் பேச்சுதான். குடித்துவிட்டு வேலை செய்தாள் என்றது ஒரு வாய். போனில் பேசிக்கொண்டே பிடித்தாள் என்றது இன்னொரு வாய். நிலையத்து முதலாளி அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டான். விஷயம் ஊர்ப் பெரியவர்கள் சபைக்கு வந்தது. சபைத் தலைவர் ஷாட்மான் கிழவர் வாத்தியார் வீட்டுக்கே வந்து தேநீர் குடித்தார்.

"வாத்தியாரே, வெள்ளிக்கிழமை சபை கூடுது. சிலிண்டர் ஏன் பீய்ச்சுச்சுன்னு ஜனங்களுக்கு விளங்கற மாதிரி நீங்கதான் சொல்லணும். ஊர்ல வேற யாருக்கு அந்த அறிவு? நீங்க விளக்கிட்டா அவளை வேலையை விட்டு எடுத்துடலாம். இனிமே எவளும் இந்த மாதிரி செய்யக்கூடாது."

வாத்தியார் "சரி" என்றார்.

வியாழக்கிழமை மாலை அவர் ஜிபார் வீட்டுக்குப் போனார். என்ன சொல்லப் போகிறோம் என்று யோசிக்காமலே போனார். அவள் முற்றத்தில் கரி அள்ளிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஜிபார், நாளைக்கு..."

"பயப்படாதீங்க வாத்தியாரய்யா. நான் சொல்ல மாட்டேன்."

மிரட்டலும் இல்லை, குத்தலும் இல்லை. மளிகைக் கடையில் கோதுமை இல்லை என்று சொல்கிற குரல்.

"ஏன்? ஏன் சொல்ல மாட்ட?"

"சொன்னா யார் நம்புவாங்க? உங்க வார்த்தை ஒரு பக்கம், என் வார்த்தை ஒரு பக்கம். இயற்பியல் வாத்தியார் வாய்வரைக்கும் பிடிக்கச் சொன்னார்னு நான் சொன்னா, இவளுக்குக் கொழுப்பைப் பார்னு அதுக்கும் சேர்த்துத் திட்டுவாங்க." அவள் வாளியை மறுபடியும் எடுத்தாள். "உள்ள வந்து ஒரு வாய் தேநீர் குடிக்கிறீங்களா? அம்மா முழிச்சிட்டுத்தான் இருக்காங்க."

வாத்தியார் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். கூனிக் குறுகிப் போனார் என்று சொல்வார்களே, அப்படித்தான் போனார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக, யாராவது தன்னை நாலு பேர் நடுவில் திட்டினால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஊர் மன்றம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் கட்டுப்போட்ட கையோடு பூஷாரிபா. ஓரமாக ஒரு ஸ்டூலில் ஜிபார், தலைத்துணியை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள். மேடையில் பெரியவர்களோடு வாத்தியாருக்கும் ஒரு நாற்காலி.

ஷாட்மான் கிழவர் கையைக் காட்டினார். வாத்தியார் எழுந்தார்.

"எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால ஆனதுதான். ஆடுங்கன்னு வெச்சுக்குங்க. கடுங்குளிர்ல பட்டியில ஆடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும். இடத்தை விட்டு நகராது, நின்ன இடத்திலேயே நடுங்கும். அது திடப்பொருள். ஐஸ் அப்படித்தான். கொஞ்சம் வெயில் வந்தா ஒண்ணை ஒண்ணு இடிச்சுக்கிட்டு, நழுவிக்கிட்டு, பட்டிக்குள்ளயே சுத்தும். அது திரவம். பட்டி எந்த வடிவமோ மந்தையும் அந்த வடிவம். கதவைத் தொறந்து கோடையில மலை மேய்ச்சலுக்கு விட்டா, எங்கெங்கேயோ ஓடிப்போயிடும். அது வாயு."

"என் ஆடு கதவைத் தொறக்காமலே ஓடுது வாத்தியாரே, அது என்ன பொருள்?" என்று பின்னாலிருந்து டிராக்டர் ஓட்டுகிற குபாட் கத்தினான். மன்றம் சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை.

"சிலிண்டருக்குள்ள இருக்கிறது திரவம். வெளியக் குளிர்ல பிடிக்கும்போது ஆடுங்க அடங்கி நிக்கும், கொஞ்ச இடம் போதும். சூடான வீட்டுக்குள்ள வந்ததும் துள்ள ஆரம்பிக்கும். துள்ளுற ஆட்டுக்கு அதிக இடம் வேணும். அதுக்குத்தான் மேலே அஞ்சுல ஒரு பங்கு காலியா விடறது. அந்தக் காலியிடத்துல வாயு இருக்கும். வாயுவை நெருக்கலாம், ஆடுங்களுக்கு நடுவுல வெளி இருக்கு. திரவத்தை நெருக்க முடியாது, ஏற்கெனவே ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு நிக்குது. இடமே விடாமப் பிடிச்சா, இரும்பு வேலியா இருந்தாலும் பிய்ச்சுக்கிட்டு வரும். வந்ததும் மேய்ச்சல்ல விட்ட மாதிரி இருநூத்தம்பது மடங்கு பரவும். வர்ற வேகத்துல பக்கத்துல இருக்கிறதோட சூட்டை எடுத்துக்கும். பூஷாரிபாம்மா விரல் போனது அப்படித்தான்."

மன்றம் அமைதியாகக் கேட்டது. அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நன்றாக அந்தப் பாடத்தைச் சொன்னதில்லை. அது அவருக்கே தெரிந்தது, தெரிந்ததும் இன்னும் அவமானமாக இருந்தது.

"விளங்கிடுச்சு," என்றார் ஷாட்மான் கிழவர். "அப்போ இடம் விடாமப் பிடிச்சவதான் குத்தவாளி. அப்படித்தானே வாத்தியாரே?"

ஜிபார் தலை நிமிரவில்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வாத்தியார் உட்கார்ந்துவிடலாம்.

"குழாயைத் தொறந்தது அவ. தொறக்கச் சொன்னது நான்."

ஷாட்மான் கிழவர் கண் கலங்கச் சிரித்தார். "பாருங்கய்யா, இதுதான் வாத்தியார் மனசு! தன்கிட்டப் படிச்ச பொண்ணு கெட்டுப்போகக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிறார்." மன்றத்தில் சிலர் கைகூடத் தட்டினார்கள். பூஷாரிபா கட்டுப்போட்ட கையைத் தூக்கி, "அதெல்லாம் வேணாம் சம்பந்தி, உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றார்.

உண்மையைச் சொல்லியும் பாராட்டு கிடைக்கிறதே, இதைவிட வேறு தண்டனை உண்டா?

"நான் பெருந்தன்மை காட்டலை! உண்மையைச் சொல்றேன். ஜிபார், நீ சொல்லு."

அவள் தலைத்துணியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி, நானே சொல்றேன். இருபத்தொரு கிலோவுல அவ அடைச்சிட்டா. எடம் விடணும்யா, சூட்டுல பெருகும்னு சொன்னா. ரெண்டு தடவை வேணாம்னு சொன்னா. இப்போ நான் உங்களுக்குச் சொன்ன அத்தனையையும் அவ ஒரே வரியில சொல்லிட்டா. அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரெண்டு மார்க் வாங்கின கழுதை எனக்குப் பாடம் எடுக்கிறியா, உன் மண்டையில எடம் விட்டிருக்கிறது போதாதா, திறடி குழாயைன்னு சொன்னேன்."

ஒவ்வொரு முகமாக மாறுவதை வாத்தியார் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். குபாட் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். தபால்காரனின் காது சிவந்தது. இமாம் தாடியைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அந்தக் குரல் அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்த குரல். பத்து வயதில், பன்னிரண்டு வயதில், கரும்பலகை முன்னால் நின்றபோது ஒவ்வொருவரும் கேட்ட குரல். அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"அது வாத்தியார் சொன்னதுதான்," என்றான் குபாட் மெதுவாக. "எனக்கு மண்டையில வைக்கோல்னு சொன்னார்."

பூஷாரிபா கட்டுப்போட்ட கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்த அம்மாள் மேடைப் பக்கம் திரும்பவே இல்லை.

ஷாட்மான் கிழவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஜிபார் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்றார். இனிமேல் யார் வந்து கேட்டாலும், தானே வந்து கேட்டாலும், இருபத்தொரு கிலோவுக்கு மேல் ஒரு சொட்டு பிடிக்கக் கூடாது என்றார். வாத்தியாரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வாத்தியார் தொப்பியை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். கோக்-ஜாரில் அவர் ஓர் அறையை விட்டு வெளியே போனால் அங்கே இருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். கல்யாண வீடானாலும் சரி, சாவு வீடானாலும் சரி. பள்ளிக்கூடத்தில் பழகிய பழக்கம், உடம்போடு ஒட்டிப் போனது. இன்றைக்கு ஒருவர்கூட எழவில்லை. இருபுறமும் உட்கார்ந்திருந்த முழங்கால்களுக்கு நடுவே அவர் நடந்தார். நியாயம்தான், இதுதான் நியாயம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தார். அது ஓரளவு தாங்கிக்கொள்ளக் கூடியதாகவும் இருந்தது.

கதவருகே வந்தபோது ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. ஜிபார் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் ஒட்டவைத்துக்கொண்டு, ஏழாம் வகுப்பில் நின்ற மாதிரியே நின்றாள். 'உட்காரும்மா' என்று சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்தார். தொப்பியைக் கையில் பிடித்தபடியே பனிக்குள் இறங்கினார்.